தாழ்மின்னழுத்த அடைகாப்பான்

அடைகாக்குங் கோழி முட்டைக்கு அளிப்பன மூன்று: மாறா வெப்பம், ஈரம், புரட்டல் என்பன. வீட்டில் அமைக்கும் பெட்டியும் இவற்றை 21 நாட்கள் அளித்தல் வேண்டும்.

ஈரப்பதன் பேணுதற்கு நீர்த்தட்டு வைக்கப்படும் பெட்டியினுள் 230 வோல்ற்று மின்னைச் செலுத்துதல் ஆபத்தானது. 12 வோல்ற்றே தக்கது. 6 ஓம் தடையுடைய நிக்குரோம் கம்பி, 2 அம்பியர் மின்னோட்டத்தில் 24 உவாற்று வெப்பந் தரும். நன்கு காவலிடப்பட்ட சிறு பெட்டிக்கு இது போதியது. சிறு விசிறி வெப்பத்தைச் சமமாகப் பரப்ப, வெப்பநிலைநிறுத்தி அதனை 37.5 பாகை சதமவளவில் நிறுத்தும். மின்னேற்றியுடன் இணைந்த சேமிப்புக்கலம் மின்தடை நேரினும் உதவும்.

18ஆம் நாள்வரை முட்டைகளைத் தினமும் மும்முறை புரட்டுதல் வேண்டும். வெப்பநிலை சில மணிநேரம் 40 பாகையைக் கடப்பின் கரு மடியக்கூடும். சிறிது குறையின் பொரித்தல் தாமதிக்கும். ஆதலின், இக்கருவியின் சிறப்பு வெப்பத்தின் மிகுதியிலன்று, அதன் மாறாமையிலேயே தங்கியுள்ளது.