கருங்கல்லும் நுரையும்

சென்னையை அடுத்த திருநீர்மலைக் கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள். ஆகவே நான் ஷூவைச் சோதிப்பது அந்தப் படிகளில் அல்ல. மண்தடம் முடிந்து பாறை தலைகாட்டும் மலையடிவாரச் சரிவில்தான். சென்ற சனிக்கிழமை காலை அங்கே நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பூ விற்க வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார். “எம்மாம் பெரிய அடி! இதப் போட்டா கால் வலிக்காதா தம்பி?” என்று கேட்டார். வலிக்காது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

முதலில் கல்லைப் பற்றி. திருநீர்மலைக்குப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்கு அறிவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின், இந்தப் பாறையாலான கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். நமக்கு அது கருங்கல். ஜல்லியாக உடைபட்டு நம் வீட்டுக் கூரைகளுக்குள் போயிருப்பதும் இதுதான். மண் காலடியில் கொஞ்சம் அமுங்கும், புல் மடங்கும். கருங்கல் எதற்கும் அசையாது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. அதை வாங்கிக்கொள்ள ஷூவும் காலும் மட்டுமே இருக்கின்றன.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். அதைக் காடு, மலைத் தடங்களில் ஓடுவது ட்ரெயில் அல்ட்ரா. ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் ஓட்டம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களின் வழியே மல்நாடு அல்ட்ரா நடக்கிறது. ஓர் அடி ஒரு மீட்டர் என்று வைத்தால் 100 கிலோமீட்டருக்கு ஒரு லட்சம் அடிகள். அடி ஒன்றுக்குக் கொஞ்சம் மிச்சமானாலும் லட்சம் முறை மிச்சம். தடித்த நுரை ஷூக்களின் ஈர்ப்பு இந்தக் கணக்கில்தான். 2009-ல் பிரான்சில் நிக்கோலா மெர்மூ, ஜான்-லுக் தியார் இருவரும் ஹோகா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மலைச்சரிவில் வேகமாக இறங்க உதவும் ஷூதான் அவர்கள் குறி. மெல்லிய அடி கொண்ட ‘வெறுங்கால்’ ஷூக்கள் பரபரப்பாகப் பேசப்பட்ட காலம் அது. அதற்கு நேர் எதிராகப் போய் ஜெயித்தார்கள்.

என் புது ஷூவில் குதிகாலுக்கு அடியில் 38 மில்லிமீட்டர் நுரை. நம் பழைய கணக்கில் இரண்டு விரற்கடை. நெடுங்காலமாக ஓட்ட ஷூக்களில் இருந்தது இ.வி.ஏ. எனும் நுரை. வீட்டுக்குள் போடும் லேசான செருப்புகள் பலவும் அதுதான். மூடிய சின்னச் சின்ன அறைகளில் அடைபட்ட காற்று அமுங்கி, திரும்ப விரிகிறது. புதிதாக வந்தது பீபா என்ற நுரை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் வூட்டர் ஹூக்காமர் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பீபா நுரை வைத்த ஷூ அமுங்கும்போது வாங்கிய ஆற்றலில் 87 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. ஒப்பிட்ட இ.வி.ஏ. ஷூ தந்தது 65.5. ஓடியவர்கள் சராசரியாக 4 விழுக்காடு ஆற்றலை மிச்சப்படுத்தினார்கள். அந்த ஷூவில் கார்பன் தகடும் உண்டு, ஓடியதும் சமதளத்தில் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் நுரையைச் சோதிக்கும் முறை எளிது. எட்டரை கிலோ எடையைச் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிகால் பகுதியின் மேல் திரும்பத் திரும்ப விழவிட்டு, அதிர்ச்சி எவ்வளவு என்று அளப்பார்கள். ஆனால் இரும்பு எடைக்கு மூளை இல்லை. காலுக்கு இருக்கிறது.

சிறு வயதில் திண்ணையிலிருந்து மணல் குவியலில் குதித்திருப்போம், சிமென்ட் தரையிலும் குதித்திருப்போம். மணலில் முழங்காலை அவ்வளவாக மடக்க மாட்டோம். சிமென்ட்டில் யாரும் சொல்லாமலே மடங்கும். கலிஃபோர்னியாவில் டேனியல் ஃபெரிஸ், கிளேர் ஃபார்லி குழுவினர் 1998-ல் இதை ஓட்டத்தில் அளந்தார்கள். தரை மெத்தென்று ஆனால் கால் விறைக்கிறது, தரை கடினமானால் கால் நெகிழ்கிறது. உடலின் மொத்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் வியப்பு: தரை மாறிய முதல் அடியிலேயே இந்தச் சரிக்கட்டல் நடந்துவிடுகிறது.

அப்படியானால் மெத்தை ஷூ போட்டால்? 2018-ல் பின்லாந்தின் யூஹா-பெக்கா குல்மாலா குழு 12 ஆண்களைத் தடித்த நுரை ஷூவிலும் வழக்கமான ஷூவிலும் ஓடவிட்டது. மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், தடித்த ஷூவில் தரைமோதலின் உச்ச விசை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியிருந்தது. மெத்தையை நம்பிக் கால் விறைத்துக்கொண்டது.

இதைப் படித்ததும் ஷூவைத் தூக்கி எறிய வேண்டாம். மோதல் விசை கூடினால் காயமும் கூடும் என்று நேர்க்கோடு போட முடியாது. லக்சம்பர்க்கில் லோரான் மாலிசூ குழு 848 பேருக்கு மென்மையான, கடினமான ஷூக்களை யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. 2020-ல் முடிவு வந்தது: கடின ஷூ போட்டவர்களுக்குக் காய அபாயம் ஒன்றரை மடங்கு. இன்னொன்று, மென்மையால் பலன் அடைந்தவர்கள் எடை குறைந்தவர்கள். கனத்த உடம்புக்குத்தான் மெத்தை வேண்டும் என்று கடைகளில் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். எனக்கு இந்த ஆய்வுதான் மிகவும் பிடித்தது. அளந்தது விசையை அல்ல, மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதை.

ஆனால் அதுவும் சாலை ஓட்டக்காரர்களின் கதை. திருநீர்மலைச் சரிவில் இறங்கும்போது தெரிந்தது வேறு. கோலிக்குண்டு அளவு ஜல்லி ஒன்று முன்பாதத்தின் வெளி ஓரத்தில் சிக்கியது. பழைய மெல்லிய ஷூவாக இருந்தால் சுருக்கென்று குத்தியிருக்கும், எடையை உடனே மாற்றியிருப்பேன். புது ஷூவில் குத்தவே இல்லை. நுரை கல்லை விழுங்கிக்கொண்டது. கல் இருப்பது தெரிந்தபோது கணுக்கால் வெளிப்புறம் பாதி சாய்ந்திருந்தது. பாதம் உயரத்தில் நிற்க நிற்க, அதே கல்லுக்குச் சாய்க்கும் வலு கூடுகிறது. பரண் மேல் நின்று தடுமாறுவதும் தரையில் தடுமாறுவதும் ஒன்றல்லவே. ட்ரெயிலுக்கு நுரையின் தடிமனைவிட அதன் அகலம் முக்கியம் என்ற முடிவுக்கு நான் வந்தது அந்த இடத்தில்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இ.வி.ஏ. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். குளிரூட்டிய கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த நுரை, மே மாதக் கருங்கல்லின் மேல் அதே நுரை அல்ல. வயதும் ஆகும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ராகெல் வெர்தெஹோ, நைஜல் மில்ஸ் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பாதத்தின் உச்ச அழுத்தம் சராசரியாக இரு மடங்கானது. ஷூவின் பக்கவாட்டில் நுரை மேல் விழும் கிடைக்கோட்டுச் சுருக்கங்களைப் பாருங்கள். மேல்துணி புதிதுபோல் இருந்தாலும் அவை வயதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை நல்ல நுரையும், பாதம் உள்ளே சரியாக உட்காராவிட்டால் பயனில்லை. முன்பு ஒரு கடையில் என் அளவு இதுதான் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்த ஷூவில் நீண்ட இறக்கம் ஒன்றை ஓடி, இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துக் கழன்றன. நீளம் சரி, அகலம் போதவில்லை. இங்கே அது தனி ஒருவன் குறை அல்ல. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் அகலம் என்று தெரிந்தது. அதை வைத்து ‘பா’ என்ற இந்திய அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறார்கள். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும், தோல் பதனிடும் பம்மல், நாகல்கேணியும் திருநீர்மலைக்குக் கூப்பிடு தூரம். செய்யாறு சிப்காட்டில் உலகச் சந்தைக்கான ஓட்ட ஷூக்கள் தயாராகின்றன. தைப்பது நம் கை, அளவு மட்டும் பிறர் பாதம் என்பது எனக்கு ஆறவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஷூவின் இன்சோலை உருவி, தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். அதன் மேலேயே, எடையை முழுக்க ஊன்றி நின்று, என் பாதத்தைச் சுற்றி இன்னொரு கோடு. சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் கோடு ஒரு நெல் அகலம் வெளியே போயிருந்தது. ஓட ஓடப் பாதம் வீங்கும். அப்போது அந்த நெல் இரண்டாகும்.

இதுவரை நான் சோதித்ததெல்லாம் காலைக் குளிர்ச்சியில், களைக்காத காலோடு. குல்மாலாவின் 12 பேரும் களைக்காத காலோடுதான் ஓடினார்கள். கெண்டைக்கால் சோர்ந்த பிறகும் முதல் அடியிலேயே கால் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளுமா? வரும் சனிக்கிழமை ஏரிக்கரையில் 25 கிலோமீட்டர் ஓடிவிட்டு, வெயில் ஏறிய பிறகு அதே சரிவில் இறங்கப் போகிறேன். முன்பாதத்து நாடாவை ஒரு துளை தளர்த்திக் கட்டி, பழைய ஷூவையும் பையில் எடுத்துக்கொண்டு.