இது யாருடைய லிஃப்ட்?

பல்லாவரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பான், கரண்ட் பில், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. இடையிடையே மனு எழுதித் தருவேன். விமான நிலையமும் மின்ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் பக்கத்திலேயே இருப்பதால், என்னிடம் வருகிற மனுக்களில் பாதி போக்குவரத்து சம்பந்தப்பட்டதாகவே இருக்கும்.

மனு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு காகிதத்தோடு வருவார்கள். மேலே பெறுநர் என்று போட்டு பிரதமர், முதலமைச்சர், ரயில்வே அமைச்சர், கலெக்டர் என நாலைந்து பேர் இருப்பார்கள். கீழே ஒரு பக்கம் முழுக்க மனக்குமுறல். கடைசியில் 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. இந்த மனுவுக்கு என்ன பதில் வரும் என்று எனக்கு மனப்பாடம்: 'தங்களது மனு உரிய அலுவலருக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது.' அந்த உரிய அலுவலர் யார் என்று அதில் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். ரயில் நிலையத்திலிருந்து சாலையைத் தாண்டும் நடைமேம்பாலத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக முடியவில்லை. எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. உங்கள் ஊர் நிலையத்தின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் கதை பொருந்தும்.

"அந்த லிஃப்ட் யாருதுக்கா?" என்றேன்.

"கவர்மென்ட்டுதுதான் தம்பி."

"எந்த கவர்மென்ட்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரத்தான் செய்யும். காசு கட்டுகிறவருக்கு அரசாங்கம் ஒன்றுதான். கணக்கு சொல்கிற இடத்தில்தான் அது பலவாகப் பிரிந்துவிடுகிறது. திரிசூலத்தில் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் மின்ரயில் நிலையம், தெற்கு ரயில்வேயுடையது. நடுவில் ஜி.எஸ்.டி. சாலை, அதற்கு நெடுஞ்சாலைக்காரர்கள். அந்தப் பக்கம் விமான நிலையம், இந்திய விமான நிலையங்கள் ஆணையம் நடத்துவது. மெட்ரோவோ ஒன்றிய அரசும் மாநில அரசும் சரிபாதி பங்கு போட்ட நிறுவனம். சிக்னலில் நிற்கும் காவலர் மாநில அரசின் ஆள்; லைசென்ஸ் கொடுப்பது போக்குவரத்துத் துறை. ஒரு சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கி விமானத்துக்குப் போகிறவர் அத்தனை அலுவலகங்களின் எல்லையையும் தாண்டியாக வேண்டும்.

இவற்றை ஒரு குடையின் கீழ் கொண்டுவரத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். கும்டா என்பார்கள். சட்டம் வந்தது 2010-ல். முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். அதற்கும் அடுத்த வருடம், 2023 டிசம்பர் கடைசியில், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். மின்ரயில் தண்டவாளம் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறமே ஓடுகிறது. ஆனால் திறப்பு விழா நாளில் அங்கே ரயில் நிலையம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு ஒருவருடையது, தண்டவாளம் இன்னொருவருடையது.

பறக்கும் ரயில் கதை இதைவிட நீளம். வேளச்சேரி வரைக்கும் 2007-ல் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான் பாக்கி இருந்தது. 2008-ல் வேலையைத் தொடங்கினார்கள். 495 கோடி ரூபாய் திட்டம், இரண்டு வருடத்தில் முடிய வேண்டியது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் எடுப்பதில் இழப்பீட்டு வழக்கு வந்தது. அது உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. மறுபடி வேலை ஆரம்பித்தது 2022-ல். அதற்குள் மதிப்பீடு 700 கோடியைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

இதில் யாரைக் கேட்பது? பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுடையது, ஒரு பங்கு ரயில்வேயுடையது. நிலம் எடுத்துத் தருவது மாநிலம், பாலம் கட்டுவது ரயில்வே. 'நிலம் வரவில்லை' என்று ஒருவர் சொன்னால், 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று மற்றவர் சொல்வார். இரண்டுமே உண்மை என்பதுதான் சங்கடம். ஐந்நூறு மீட்டர் இடைவெளியோடு பாலம் பாதியில் நின்றதை ஆதம்பாக்கத்தில் ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்தது.

ரயில்வேயைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும், ஆனால் அது ஒரு கெட்ட செய்தியில்தான் தொடங்குகிறது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், விரைவுப் பாதையில் விடப்பட்ட மின்ரயிலில் படியில் தொங்கியவர்கள் பக்கத்துத் தடுப்புச் சுவரில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். இப்படி நடந்தால் விசாரிக்க வருகிறவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். புதுப் பாதையில் ரயில் விடலாமா என்று பார்த்துச் சொல்வதும் அவர்தான். அவர் எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறார் என்று கடைக்கு வரும் ரயில்வே ஊழியர்களிடம்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியாது. விமானப் போக்குவரத்து அமைச்சகம்! ரயில்வேயைச் சோதிக்கிறவர் ரயில்வேக்கே கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்று 1941-ல் வெள்ளைக்காரன் காலத்திலேயே பிரித்துவைத்தார்கள். ஆணையர் விசாரணைக்கு வரும்போது நாளிதழில் அறிவிப்பு கொடுப்பார்கள். விபத்தைப் பற்றித் தெரிந்த யாரும் நேரில் போய்ச் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். நம் ஆட்கள் அன்றைக்கு டீக்கடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

விமான நிலையம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது கண்ணாடி உடைந்து விழுந்ததும் பார்க்கிங் கட்டணமும்தான். டிக்கெட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். யு.டி.எஃப். என்று ஒரு தொகை இருக்கும். பயணிகளிடம் வாங்கும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம். சென்னை போன்ற பெரிய நிலையங்களுக்கு அதை நிர்ணயிப்பது, 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டணத்தை முடிவு செய்யும் முன் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். விமானக் கம்பெனிகள் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றன. பயணிகள் சங்கம் என்று நம் ஊரில் எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்?

பரந்தூர் விஷயம் வேறு மாதிரி. சென்னையின் புது விமான நிலையத்துக்காக இந்திய விமான நிலையங்கள் ஆணையம் ஆராய்ந்தது நான்கு இடங்களை: படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர். 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. இடத்தைத் தேர்ந்தது மாநிலம் என்று டெல்லி சொல்லும். தகுதி உண்டு என்று சொன்னது ஆணையம்தானே என்று சென்னை சொல்லும். திட்டப் பகுதியில் இருக்கும் ஏகனாபுரம் மக்கள் கையில் இருந்தது கிராம சபை மட்டும். சபை கூடும்போதெல்லாம் விமான நிலையம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். விமான நிலையம் தேவையா இல்லையா என்பதில் எனக்கு அவர்களோடு முழு உடன்பாடு கிடையாது. இப்போதைய மீனம்பாக்கம் விமான நிலையத்தின் நெரிசலைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆனால் எழுத்தில் தீர்மானம் போட்ட ஊருக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அது விமான நிலையம் வேண்டும் என்கிறவர்களுக்கும் நல்லது.

சாலைக்கு வருவோம். அபராத எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டி 'அண்ணா, இதைக் கட்டிவிடுங்க' என்று தினமும் யாராவது வருகிறார்கள். ஹெல்மெட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய், 2022 அக்டோபரிலிருந்து. போடாதவர் கட்டட்டும், அதில் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் கட்டும் முன் போட்டோவைத் திறந்து பார்க்கச் சொல்வேன். டெலிவரி வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு வந்த போட்டோவில் இருந்தது வேறு கலர் ஸ்கூட்டர். கேமரா நம்பர் பிளேட்டில் மூன்றை எட்டாகப் படித்திருந்தது. அபராதம் கட்டும் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தையும் வண்டி போட்டோவையும் ஏற்றினோம். பிறகு அந்த அபராதத்தை நீக்கிவிட்டார்கள். கேமராவுக்கும் விதி உண்டு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று சேர்த்தார்கள்: கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும்.

சாலை போட்டவருக்கு என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ தரத்தைப் பின்பற்றாததால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு அபராதம். எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் ஒரு லட்சம். குடித்துவிட்டு ஓட்டினால் யாருக்கும் எதுவும் ஆகாவிட்டாலும் பத்தாயிரம். நம் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை கேமரா இருக்கிறது. பள்ளத்தைப் பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த அக்காவின் லிஃப்டுக்கு நாங்கள் நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று அலுவலகங்களுக்கு ஒரே மனுவை அனுப்பினோம். கேட்டது இவ்வளவுதான்: இந்த லிஃப்ட் எந்த அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது? பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், எந்தத் தேதி வரை? கடைசியாகப் பழுது பார்த்த பதிவின் நகல் கொடுங்கள். இரண்டு இடத்திலிருந்து 'இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல' என்று வந்தது. எனக்கு அது கெட்ட பதில் இல்லை. இரண்டு பேர் எழுத்தில் கைகழுவினால் மூன்றாமவர் தப்ப முடியாது. மூன்றாவது அலுவலகம் ஒப்பந்த நகலை அனுப்பியது. ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, புதுப்பிக்கவே இல்லை. அந்தக் காகிதத்தை இணைத்து மேலதிகாரிக்கு எழுதிய பிறகுதான் ஆள் வந்தான்.

நீங்களும் இப்படித் தகவல் கேட்கலாம். மாநில அலுவலகம் என்றால் மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஒன்றிய அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால், ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்பது 6(3) பிரிவு. பதில் 30 நாளில் வர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் தகவல் ஆணையம் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் போடலாம். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட தாரின் மாதிரியை எடுக்கவும்கூடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புதிதாக வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுக்க வாசலைப் பெரிதாக்கிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் நான் அதிகாரியின் பெயரைக் கேட்பதில்லை; பதவியையும் கோப்பு எண்ணையும் கேட்கிறேன்.

30 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.