பூசணக் கடலையைக் கோழிக்கும் போடாதீர்கள்

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் அணைக்கட்டில் பிரியும் ராஜா வாய்க்கால் பாயுமிடத்தில் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடுகளுக்கு ஏற்றது நிலக்கடலை. வீட்டுக்கொல்லையில் நாலு பாத்தி போட்டாலும் குடும்பத்துக்குக் கொறிக்கக் கிடைக்கும். ஆனால் மருந்தடிக்காத சொந்தக் கடலையில் நஞ்சே இருக்காது என்று நம்பிவிடக் கூடாது. அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் மண்ணிலேயே இருக்கிறது. காய்க்குள் புகுந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் சேர்த்த பிரேசில் கடலைப் புண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இந்த நஞ்சே தெரியவந்தது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்ற 100-க்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சொத்தைக் கடலையைச் செக்குக்கு அனுப்பினால் எண்ணெயிலும் புண்ணாக்கிலும் இறங்கும். மாட்டுக்கு வைத்தால் பாலில் வரும். கோழிக்கும் இது நஞ்சுதான். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் செடியை வாடவிடாதீர்கள். வறட்சியில்தான் பூசணம் எளிதில் ஏறும். களைக்கொத்து பட்டுக் கீறிய காயைத் தனியே ஒதுக்குங்கள். ரகத்தைப் பொறுத்துச் சுமார் 105 நாளில் ஒரு செடியைப் பிடுங்கி, காய் ஓட்டின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் அறுவடை செய்யலாம். ஆய்ந்த காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் குறையும்வரை, அதாவது குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை, வெயிலில் உலர்த்துங்கள். உரிக்க எளிது என்று தண்ணீர் தெளிப்பது பெருந்தவறு.

விலைக்கு வாங்கும் கடலை?

உடனே உண்ணும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின்தான் சட்டம் அனுமதிக்கும் உச்சம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. குறை நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தீவனத்தில் சந்தேகம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தை நாடலாம். பழுதான பொருளை மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்குப் பில் வேண்டும். கால் கிலோ வாங்கினாலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.