முதல் அடிக்குப் பிறகு

தலையில் அடிபட்டவரின் மூளைக்குக் கேடு இரண்டு முறை வருகிறது. முதலாவது, மோதிய நொடியிலேயே நடந்து முடிந்துவிடும். அதை எந்த மருத்துவராலும் திருப்ப முடியாது. இரண்டாவது, அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் மெல்ல வரும்: மூளை வீங்கும், ரத்தம் கட்டும், ஆக்சிஜன் குறையும், ரத்த அழுத்தம் சரியும். இந்த இரண்டாவது கேட்டைத் தடுக்கப் பிறந்ததே நரம்பியல் தீவிர சிகிச்சை. பக்கவாதம், நிற்காத வலிப்பு, மூளைக்காய்ச்சல், நரம்பை முடக்கும் நஞ்சு ஆகியவையும் இதன் எல்லைக்குள் வருகின்றன.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைச் சுற்றியுள்ள மண்டை ஓடோ விரியாது. உள்ளே இருப்பவை மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும்தான். ஒன்று கூடினால் மற்றொன்று குறைய வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்கள் மன்றோ 1783லும் கெல்லி 1824லும் சொன்ன இந்தக் கணக்கின் மேல்தான் இன்றும் சிகிச்சை நிற்கிறது. இடம் போதாமல் போனதும் உள்ளழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் ரத்த ஓட்டத்தை அடைக்கும். ரத்தம் கிடைக்காத மூளை மேலும் வீங்கும்.

1952இல் கோபன்ஹேகனில் மூச்சை முடக்கும் போலியோ பரவியபோது, ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கையாலேயே காற்றை அழுத்திச் செலுத்தினார்கள். நவீன தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து வளர்ந்தது. அப்போது தமிழகத்தில் மூளை அறுவை சிகிச்சையே புதிது: வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949லும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி 1950லும் அதைத் தொடங்கியிருந்தார்கள்.

படுக்கை அருகே நடக்கும் வேலையில் பெரும்பகுதி பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவார்கள். கழுத்து ஒருபக்கம் சாயாமல் நேராக வைப்பார்கள்; சாய்ந்தால் மூளையிலிருந்து ரத்தம் வடிவது தடைப்படும். காய்ச்சல், சர்க்கரை, சோடியம் எதுவும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வார்கள். நோயாளி கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974இல் வந்தது. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே போனால் பொதுவாக மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்ப்பார்கள். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்க்கும் செவிலியர், ஒரு பக்கம் மட்டும் விரிந்திருப்பதைக் கவனித்துச் சொல்வது பல நேரங்களில் ஸ்கேனை முந்திக்கொள்ளும்.

இத்துறையின் ஆராய்ச்சி, எதைச் செய்யக் கூடாது என்பதையே அதிகம் கற்றுத்தந்திருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் என நம்பி, தலைக்காயத்துக்குப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். 10,008 பேரிடம் நடந்த 'கிராஷ்' ஆய்வு 2004இல் வெளியானது: இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சையைச் சோதித்த 2016 ஆய்வின் முடிவு இன்னும் சங்கடமானது. ஆறு மாதத்தில் இறப்பு 49லிருந்து 27 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பிழைத்தவர்களில் பலர் நினைவு திரும்பாமலோ பிறர் உதவியின்றி வாழ முடியாமலோ இருந்தார்கள். உயிர் பிழைப்பாரா என்று மட்டும் கேட்கும் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்வது அறுவை சிகிச்சையைவிடக் கடினம்.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊருக்கு நரம்பியல் தீவிர சிகிச்சை சாலையிலேயே தொடங்க வேண்டும். சென்னை 80 கிலோமீட்டருக்கு மேல். ராணிப்பேட்டையில் 2022 முதல் இயங்கும் சி.எம்.சி. விபத்து சிகிச்சை மையமும் பக்கத்துத் தெருவில் இல்லை. தலைக்காயம் பட்டவரின் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு வழியில் ஒருமுறை 90க்குக் கீழே இறங்கினாலே இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 1990களிலேயே கண்டறிந்தார்கள். ஆகவே 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் சலைனும் ஏற்றுவது முதலுதவி மட்டுமல்ல. மூளைக்கான சிகிச்சையின் முதல் பகுதி. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பணம் புரட்ட அலைவதில் போகும் நேரத்தை அது மிச்சப்படுத்துகிறது.

வயல் சூழ்ந்த ஊர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, இமை சரிதல், பிறகு மூச்சுத் திணறல். அதன் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால், தாமதமாகப் போடும் விஷமுறிவு மருந்தால் அவற்றை மீட்க முடியாது. முனைகள் மீண்டும் வளரும்வரை, நாட்கணக்கில் கடிபட்டவருக்காக வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். அந்த நாட்களில் அவர் அசையமாட்டார், கண்மணி ஒளிக்குச் சுருங்காது. இறந்துவிட்டார் என்றே தோன்றும்; ஆனால் சுற்றி நடக்கும் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். இப்படிப் பலர் முழுமையாகத் தேறி வீடு திரும்பியிருக்கிறார்கள்.

மூளைச்சாவை அறிவிப்பதில் சட்டம் இத்தனை கண்டிப்பு காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அதற்கு முன் நஞ்சு, மயக்க மருந்து, உடல் குளிர்ந்துபோதல் ஆகியவை காரணமல்ல என்று உறுதி செய்துகொள்வார்கள். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி ஆக்சிஜன் மட்டும் செலுத்தி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிய பிறகும் மார்பு தானாக எழுகிறதா என்று பார்ப்பார்கள். ஒருமுறை எழுந்தாலும் அது மூளைச்சாவு அல்ல, சிகிச்சை தொடரும்.