பால்மரக் காட்டிலிருந்து சிப் தொழிற்சாலை வரை

முதலீட்டுச் செய்தி வாசிக்கும் நாள்களில் எங்கள் நிலையத்திற்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "தம்பி, அதுல நம்ம பிள்ளைக்கு வேலை இருக்குமா?" அமைச்சர்கள் சொல்லும் பில்லியன் கணக்கைவிட இது கூர்மையான கேள்வி. பேராக் தமிழர்கள் இதைக் கேட்பதற்குக் காரணமும் உண்டு.

அந்நிய நேரடி முதலீடு நமக்குப் புதிதல்ல. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பின்னால் வந்தது லண்டன் கம்பெனிகளின் பணம். அந்தப் பணத்துக்காகக் காலனி அரசு நிலம் கொடுத்தது, ரயில் பாதை போட்டது. ஆள் வேண்டுமே? 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்து, முதலாளிகளிடம் வசூலித்து, கப்பல் கட்டணம் கொடுத்து நம் பாட்டன்மாரை வரவழைத்தது. இன்றைய 'முதலீட்டுச் சலுகை' என்பதன் மூத்த அண்ணன் அதுதான்.

பணம் வந்த வழியிலேயே திரும்பியும் போனது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். சுங்கை சிப்புட் பக்கம் பால் சீவிய என் பாட்டிக்கும் அதுதான் நடந்தது. நாற்பது வருட உழைப்புக்குப் பிறகு அவர் கையில் மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி.

அதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி போட்டு, தொழிலாளர்களே தோட்டத்தை வாங்குவது என்பது ஏற்பாடு. வெளியேறும் அந்நிய முதலீட்டுக்கு நம்மவர்கள் கொடுத்த பதில்களில் இதைவிடத் துணிச்சலானது எனக்குத் தெரியவில்லை.

அரசும் ரப்பரை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1968-இல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், 1971-இல் தடையற்ற வாணிப மண்டலச் சட்டம், 1986-இல் இன்னொரு சட்டம். 'முன்னோடித் தகுதி' பெறும் நிறுவனம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 2003 முதல் உற்பத்தித் துறையில் 100 விழுக்காட்டுப் பங்கையும் வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம். இத்தனை விட்டுக்கொடுத்த பிறகு, 'பதிலுக்கு என்ன வந்தது' என்று கேட்பது குடிமக்களின் உரிமை.

வந்தது கொஞ்சமல்ல. ஈப்போவில் கார்சம் 1972 முதல் சிப் வேலை செய்கிறது. யூனிசெம்மின் பெரும்பான்மைப் பங்குகள் 2019-இல் சீனாவின் ஹுவாதியான் கைக்குப் போயின. புரோட்டோனில் 49.9 விழுக்காட்டை 2017-இல் கீலி வாங்கியது. அதே கீலி தஞ்சோங் மாலிமில் 10 பில்லியன் அமெரிக்க டாலர் முதலிடும் என்று 2023-இல் பிரதமர் அறிவித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'அறிவிப்பு' வேறு, மீடா கொடுக்கும் 'ஒப்புதல்' வேறு, உண்மையில் நாட்டுக்குள் வந்து சேரும் பணம் வேறு. முதலாவது மேடையில் கைதட்டல் வாங்கும். இரண்டாவது காகிதத்தில் இருக்கும். மூன்றாவதுதான் சம்பளமாக மாறும், அதுவும் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக. நாளிதழில் எண்ணைப் பார்த்தால் இந்த மூன்றில் எது என்று முதலில் தேடுங்கள்.

அடுத்தது, எந்த வேலை? கட்டடம் எழும்போது ஒப்பந்தத் தொழிலாளி வேலை நிறைய இருக்கும், பிறகு வற்றிவிடும். நிலைப்பது இயந்திரத்தைப் பழுதுபார்க்கும், தரம் பார்க்கும், ரோபோட்டை இயக்கும் வேலை. அதற்கு டிப்ளோமா வேண்டும். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது. ஆனாலும் எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை 'பாலிடெக்னிக்கா?' என்று முகம் சுளித்து, கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு அனுப்பும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. வரிச்சலுகை பெறும் நிறுவனம் உள்ளூரில் எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தது, அவர்களுக்கு என்ன சம்பளம் என்பதை ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடச் சொல்லலாம். பழைய தோட்டப்புறத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு அதிகாலை ஷிப்டுக்குப் பேருந்து உண்டா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். மோட்டார் சைக்கிள் வாங்க வழியில்லாத வீட்டுக்கு, வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்தப் பேருந்தில்தான் இருக்கிறது.