எந்த வருஷத்துப் புளி?

மாசி, பங்குனி மாதங்களில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் வாசல்தோறும் புளி காயும். உலுக்கிய பழத்தை வெயிலில் போட்டு, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பது வீடே கூடிச் செய்யும் வேலை. ஜவ்வாது மலைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தேனைக் கேட்பார்கள், சாமையைக் கேட்பார்கள். புளியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் ‘எந்த வருஷத்துப் புளி?’ என்று யாரும் கேட்பதில்லை. முன்பு புளி வாங்கப் போனால் அதுதான் முதல் கேள்வி.

அன்றைய வீடுகளில் புளிக்கு வயது இருந்தது. கொட்டை எடுத்த புளியைக் கல்லுப்புச் சேர்த்து இடித்து, உருண்டை பிடித்து, பானையிலோ சாடியிலோ அழுத்தி அடைத்து, வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றுவார்கள். இந்த வருஷத்துப் பானை முன்னால் இருக்கும், போன வருஷத்தது அதன் பின்னால், அதற்கும் மூத்தது மூலையில். எந்தக் குழம்புக்கு எந்தப் பானையைத் திறக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவளுக்குத் தெரியும். நிறம் கறுக்கக் கூடாத ரசத்துக்குப் புதுப்புளி. கருவாட்டுக் குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் பழம்புளி. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் புதுப்புளியைத் தரவே மாட்டார்கள். சித்த மருத்துவமும் பழம்புளியைத் தனிச் சரக்காகவே பார்க்கிறது.

இப்படிச் சொல்வதால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பொறுக்கி வந்த பொருளின் மீது இம்மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு உரிமை இல்லாமல் போனது. சொந்த மரத்துப் புளியும் தப்பவில்லை. பஞ்ச மாதத்தில் முன்பணம் கொடுத்த வியாபாரி, பழம் விழுந்ததும் தன் தராசோடு வந்து நின்றான். பானையில் நான்கு வருஷம் காத்த புளியும் நேற்று உடைத்த புளியும் அவனுக்கு ஒரே விலைதான். புளியின் அருமை தெரிந்தவர்கள் மலையில் இருந்தார்கள், விலை சொல்லும் உரிமை கீழ்நாட்டில் இருந்தது.

அந்தப் பிடியை அகற்றத்தான் 1971இல் பாவா குழு சொன்ன வழியில் பழங்குடியினருக்கான பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், ஊர் வழக்கில் ‘லேம்ப்’ சங்கங்கள், தோன்றின. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தந்தது. 2013–14இல் அதற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் வந்தது. 2020 மே மாதத் திருத்தத்தில் கொட்டையோடு கூடிய புளிக்குக் கிலோ 36 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. இன்று ஜமுனாமரத்தூரில் சங்கம் இருக்கிறது, மலை உழவர்களே சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. போளூர்ச் சந்தை விலையை வாசலில் உட்கார்ந்தபடியே போனில் கேட்டுக்கொள்ள முடிகிறது. இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆனால் விலை கைக்கு வந்த அதே காலத்தில் வயது கைவிட்டுப் போய்விட்டது. நகரத்துக் கடையில் புளியை நிறம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். செம்பழுப்பாக இருந்தால் நல்ல விலை, கறுத்தால் கழிவு விலை. அதனால் மொத்த வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் வைத்து நிறத்தைக் காக்கிறார்கள். புளி கறுப்பது கெட்டுப்போனதால் அல்ல. அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்லக் கூடி நிறம் மாறுகின்றன. வெப்பம் அதை விரைவாக்கும், குளிர் தாமதப்படுத்தும். பூஞ்சை வாடையோ வண்டோ நுரையோ இருந்தால்தான் அது கெட்ட புளி.

வேறுபாட்டை நாக்கில் அறிய எளிய வழி உண்டு. இந்த வருஷத்துப் புளி, இரண்டு வருஷத்தது, நான்கு வருஷத்தது என மூன்று கிண்ணங்களில் பத்துப் பத்து கிராம் எடுத்து, 100 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். உப்புப் போட்ட புளி என்றால் மூன்றிலும் அது இருக்கட்டும். முதல் கிண்ணம் செந்நிறம், பழ வாசம். நாக்கின் ஓரங்களைச் சுருக்கென்று பிடிக்கும், பல் கூசும். இரண்டாவதில் அந்த வேகம் தணிந்து, விழுங்கிய பிறகு லேசான இனிப்பு எட்டிப் பார்க்கும். மூன்றாவது கருப்பட்டிப் பாகின் நிறம். பேரீச்சையும் வெல்லமும் கலந்த வாசம் வரும். புளிப்பு முதலில் தெரியாது, பின்னால் வந்து நெடுநேரம் நிற்கும். வத்தக்குழம்பு மறுநாள் ருசிப்பதன் பாதிக் காரணம் இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

பிரான்சில் சிவப்பு ஒயினை ஆண்டுவாரியாக வரிசை வைத்துச் சுவைப்பதும் இதே வித்தைதான். புளிக்கும் திராட்சை ஒயினுக்கும் புளிப்பைத் தருவதில் முதலிடம் டார்டாரிக் அமிலத்துக்கே. புளியின் சதையில் அது 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். சிவப்பு ஒயின் வயதாக ஆக நிறம் வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வரும், புளியோ கறுக்கும். அங்கே பாட்டிலில் அறுவடை ஆண்டை அச்சடிப்பதால், அதிகம் பேசப்படாத ஊரின் ஒயினுக்கும் வயதை வைத்து ஒரு மதிப்பு கிடைக்கிறது. நம் புளிப் பொட்டலத்தில் அடைத்த தேதி இருக்கும், பழம் உதிர்ந்த ஆண்டு பொதுவாக இருப்பதில்லை.

அதை அச்சடிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஜவ்வாது மலைப் புளி என்று பெயரும், அறுவடை ஆண்டும், வயதுக்கு ஏற்ற விலையும் பொட்டலத்தில் இருக்கட்டும். மலைக் குடும்பத்தால் நான்கு வருஷம் காத்திருக்க முடியுமா என்றால், தனியாக முடியாது. பிள்ளையின் படிப்புச் செலவு ஜூனில் வந்து நிற்கும். அதற்குத்தான் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் என்ற ஏற்பாடு இருக்கிறது: இருப்பு வைத்த விளைபொருளின் பேரில் பணம் வாங்கி, விலை வரும்போது விற்கலாம். அந்தக் கடன் சில மாதங்களுக்கானது. புளியின் வயதுக்கு ஏற்ப அதை ஆண்டுக்கணக்கில் நீட்டி, மலையிலேயே ஒரு கிடங்கும் வைத்துவிட்டால் போதும். அன்று முன்பணம் வாங்கியவர் புளியை இழந்தார். இனி முன்பணம் வாங்குபவர் புளியை முற்றவிட்டு விற்கலாம். நாம் செய்ய வேண்டியது, கடையில் கறுத்த புளியைத் தள்ளிவிடாமல், அது எந்த வருஷத்தது என்று கேட்பது.