மூடிய வாசலைத் திறக்கும் மருந்து

1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்துச் சிதறியது. காற்றில் கலந்த கதிரியக்க அயோடின்-131 புல்லில் படிந்து, மேய்ந்த பசுக்களின் பாலில் இறங்கி, அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கியது. ஹார்மோன் தயாரிக்க அயோடின் தேவை என்பதால், ரத்தத்தில் வரும் அயோடினைத் தைராய்டு விடாமல் இழுத்துக்கொள்ளும். நல்லது எது, நஞ்சு எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. குழந்தையின் சுரப்பி மிகச் சிறியது. ஆகவே அதே அளவு பால் அதற்குப் பல மடங்கு கேடு செய்தது.

1992-இல் அண்டை நாடான பெலாரஸின் மருத்துவர்கள் ‘நேச்சர்’ இதழில் எச்சரித்தார்கள்: குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருகுகிறது. விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் இந்நோய் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பங்கு அந்தப் பாலால் வந்தது. ஆனால் அதுவரை நோயால் இறந்தவர்கள் 15 பேர் மட்டுமே.

இவ்வளவு பேரைத் தாக்கும் நோய், இவ்வளவு குறைவாகக் கொல்வது எப்படி? குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் பெரியவர்களைவிட அதிகமாகப் பரவுகிறது. ஆனாலும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. மரபணுவிலும் வேறுபாடு உண்டு. பெரியவர்களின் கட்டியில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப்பிழை இருப்பது வழக்கம். குழந்தைகளிடமோ டி.என்.ஏ. இழை அறுந்து, ரெட், என்ட்ரக் போன்ற மரபணுக்கள் வேறொன்றோடு தவறாக ஒட்டிக்கொள்வதே அதிகம். கதிர்வீச்சே படாத குழந்தைகளிடமும் இதைக் காணலாம். செர்னோபில் நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு, கதிர்வீச்சு கூடக்கூட இந்தத் தவறான ஒட்டுகளும் கூடுவதைக் காட்டியது.

இந்த அறிவு நோயைக் கண்டறியும் முறையையும் மாற்றுகிறது. பெரியவர்களின் தைராய்டு கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே புற்று. குழந்தைகளிடம் ஏறத்தாழ நான்கில் ஒன்று புற்று. இதுபோன்ற வேறுபாடுகளால் 2015-இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் குழந்தைகளுக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்து, மெல்லிய ஊசியால் எடுத்த செல்களில் மரபணுவையும் சோதித்தால், அறுவைசிகிச்சையை முன்கூட்டியே திட்டமிட உதவும்.

அறுவைசிகிச்சைக்குப் பின் எஞ்சும் புற்றை அழிப்பதும் அதே அயோடின்-131தான். செல்லின் மேலுள்ள ஒரு புரதம் வாசல்போல நின்று அயோடினை உள்ளே விடுகிறது; சில கட்டிகளில் தவறாக ஒட்டிய மரபணு அந்த வாசலை மூடிவிடும். அப்போது கதிரியக்க அயோடின் கொடுத்தும் பயனில்லை. 2021-இல் சியோல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: அந்த மரபணுவை அடக்கும் செல்பர்காட்டினிப், லாரோட்ரெக்டினிப் மருந்துகளைக் கொடுத்ததும் குழந்தைகளின் கட்டி சுருங்கியது, அயோடினை மீண்டும் ஏற்கவும் செய்தது. 2024-இல் அமெரிக்கா, ரெட் ஒட்டு உள்ள இப்புற்றுக்கு இரண்டு வயது முதலே குழந்தைகளுக்குச் செல்பர்காட்டினிப் தர அனுமதித்தது.

வளரும் உடலுக்கு இந்த மருந்துகள் நாளடைவில் என்ன செய்யும் என்பதை நீண்டகாலம் கண்காணிக்க வேண்டும். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் கழுத்தில் கட்டி தெரிந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகும் பிள்ளைகள் பிழைக்கும் நோய் இது. அஞ்சி ஒளிக்கத் தேவையே இல்லை.